லாச்சியில் கிடந்த இரண்டாவது சாவி

1

நேற்றுவரைக்கும் எங்கள் சமையலறை மேசையின் மேல் லாச்சியை இழுத்தால், கரண்டிகளுக்கும் காலாவதியான கூப்பன்களுக்கும் நடுவில் ஒரு கறுப்புச் சாவி கிடக்கும். நான் இன்னும் ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்காத ஒரு வண்டியின் சாவி அது. வண்டி நிற்பது இலங்கையில், உடப்புக்கு வடக்கே தார் வீதி முடிந்து, அதற்கப்பால் மூன்று கட்டை, மூன்று மைல், மணலையும் தாண்டி, எங்கள் கரைவலை வாடிக்கு முன்னால். சாவி கிடந்தது மெல்பேர்ணில். இப்படியொரு புத்திசாலித்தனமான ஏற்பாட்டைச் செய்தவன் வேறு யாருமில்லை, நான்தான்.

ஊரில் இருக்கும் உங்களில் யாராவது, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் சொல்வதையெல்லாம் அப்படியே கேட்டு நடப்பவராக இருந்தால், இதை ஒருமுறை வாசித்துவிட்டு அதன் பிறகு அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

நேற்றோடு நான் இந்த நாட்டுக் குடிமகனாகி ஒரு வருடம். அன்று நகரசபை மண்டபத்தில் சத்தியம் செய்துகொண்ட எல்லோருக்கும் சின்னச் சட்டியில் இந்த நாட்டு மரக்கன்று ஒன்று கொடுத்தார்கள். மனைவி அதைப் பின்வளவில் நட்டாள். இப்போது என் முழங்கால் உயரம் வந்துவிட்டது. நேற்றுக் காலை அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோதுதான் வருடம் ஒன்று போனதே எனக்கு உறைத்தது.

அதற்கு முந்திய வருடங்களை எப்படிச் சொல்வது? கொஞ்ச மாதங்களுக்கு ஒருமுறை, தற்காலிக விசாவுக்காக, நான் இன்னும் நான்தான் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. போனால் திரும்பி வர முடியாது. அப்போதெல்லாம் ஊரோடு பேசும்போது, "பாஸ்போட் மட்டும் கையில வரட்டும், முதல் பிளேன்ல நான் அங்க நிப்பேன்" என்று வீரம் பேசுவேன். பாஸ்போட் வந்தது. பிளேன்களும் வந்து வந்து போயின. முதலில் லீவு இல்லை என்றேன், பிறகு மகனுக்குப் பரீட்சை என்றேன், அதன் பிறகு வேலைத்தலத்தில் ஆள் குறைவு என்றேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் பெரிய உண்மை வேறு. அம்மா எவ்வளவு கிழண்டுபோயிருப்பார் என்று நேரில் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போனில் தெரிகிற அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம். நேரில் அது முடியாது.

மகன் ஆதவனுக்குப் பதினான்கு வயது. நாங்கள் புறப்படும்போது கைக்குழந்தை. தமிழ் பேசுவான், ஆனால் மரியாதை எல்லாம் இடம் மாறிவிடும். "அப்பம்மா சாப்பிட்டதா?" என்று கேட்பான், "பஸ் வந்துட்டார்" என்பான். திருத்தித் திருத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டோம்.

2

நான் வேலை செய்வது, நான்கு சில்லும் இழுக்கிற பெரிய வண்டிகளுக்கு நகை பூட்டும் இடத்தில். முன்னால் இரும்புக் கொம்பு, கூரையில் கூடாரம், ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சுவிடக் கண்ணாடியோரம் ஒரு நீளக் குழாய். கொண்டுவருகிறவர்கள் தங்கமான மனிதர்கள். ஆனால் அவர்களில் பாதிப்பேரின் வண்டி ஆற்றைக் கண்டதேயில்லை. பள்ளிக்கூட வாசலைத்தான் கண்டிருக்கும். மணலில் ஓடுவதற்கு ரயரில் எவ்வளவு காற்று இறக்க வேண்டும் என்று சொல்லும் கருவிகூட விற்கிறோம். எங்கள் மச்சான் அதற்கு ஒரு தீக்குச்சியை வால்வில் செருகிவிட்டு ஒரு வெற்றிலை மடிப்பார். வெற்றிலை வாய்க்குள் போனதும் குச்சியை எடுத்துவிடுவார். காற்று சரியாக இருக்கும்.

மச்சான் என்பது என் தங்கை வசந்தியின் கணவர், சின்னராசா. கரைவலை ஒன்றின் சொந்தக்காரர். பருவம் தொடங்கினால் பதினைந்து இருபது குடும்பங்கள் அந்த மணல்திட்டியில் ஓலை வாடி போட்டுக்கொண்டு இருப்பார்கள். அம்மாவும் அவர்களோடுதான். ஊர் வீட்டில் நில்லுங்கள் என்றால், தனிய இருந்து சுவரோடா கதைக்கிறது என்பார்.

அந்தக் கரைக்கு இருந்த ஒரே வண்டி அப்பா விட்டுப்போன பழைய ஜீப். ஐஸ் உள்ளே வருவதும், மீன் வெளியே போவதும், பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கப் போவதும் அதில்தான். உப்புக் காற்று தின்றுவிடாமல் இருக்க, கழிவு ஒயிலோடு சுறா எண்ணெயைக் கலந்து, வள்ளத்துக்குப் பூசுவது மாதிரியே அதன் அடியிலும் பூசுவார்கள். ஒருதரம் ஏறி இறங்கினால் மூன்று நாளைக்கு மணம் போகாது. சாவி கிடையாது. சாவி போடும் ஓட்டை இருந்த இடத்தில் அப்பா வீட்டு லைற் சுவிட்ச் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்.

பற்றரியை நம்ப முடியாது என்பதால், தென்னை மட்டை அடுக்கி மண் போட்டு இறுக்கிய ஒரு மேட்டில்தான் அதை நிறுத்துவது. சுவிட்சைப் போட்டு, பிரேக்கை விட்டால் உருண்டு இறங்கி ஸ்டார்ட் ஆகிவிடும். அதன் முகம் எப்போதும் தார் வீதிப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். யார் எடுத்துப் போனாலும் திரும்பக் கொண்டுவந்து அதே மேட்டில், அதே முகமாக வைக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கரையில் இழுத்து வைத்த வள்ளத்தை ஓர் அந்தரம் அவசரம் என்றால் யாரும் தள்ளிக்கொண்டு போகலாம், அதற்கு எவரும் பூட்டுப் போடுவதில்லை. ஜீப்பையும் எங்கள் ஆட்கள் வள்ளமாகத்தான் நினைத்தார்கள்.

போன வருடம் மச்சான் வீடியோ கோலில் வந்தார்.

"மச்சான், சேசிஸ ரெண்டு இடத்துல துரு தின்னுட்டுது. சிலாபத்துல காட்டினேன். வெல்டிங் அடிச்சா இன்னும் அஞ்சு வருசம் ஓடும் எண்டுறான்."

"அஞ்சு வருசத்துக்குப் பிறகு?"

"அத அஞ்சு வருசத்துக்குப் பிறகு பாப்பம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாள் முழுக்க ஊரான் வண்டிக்கு நகை பூட்டுகிறேன். என் அம்மா ஓட்டைத் தகட்டில் இருந்து போகிறார். விடுங்கள், நான் வாங்கித் தருகிறேன் என்றேன். ஆதவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கணினிக்கு முன்னால் இருவரும் ஒரு கிழமை உட்கார்ந்து, எது எவ்வளவு இழுக்கும், எதற்கு எத்தனை காற்றுப்பை என்று அட்டவணை போட்டோம். அவனும் நானும் ஒரே விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அந்தத் தேர்வு இன்னும் ஒரு மாதம் நீண்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அம்மாவின் அபிப்பிராயத்தையும் கேட்டோம். "எனக்கு ஏறி இறங்கப் பதிவா, கால் எட்டுற உயரத்துல இருந்தாப் போதும்" என்றார்.

"புதுசுல படியே இருக்கு அம்மா" என்றேன்.

மச்சான் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

வந்தது ஒரு டபுள் கெப், இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ள பெரிய வண்டி. உலகத்துக்கு அது ஐந்து வருடப் பழசு. எங்களுக்குப் புத்தம் புதுசு. அம்மன் கோயில் வாசலில் வைத்துப் பூசை போட்டு, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நான் இங்கே பின்வளவில் நின்றுகொண்டு போனில் கும்பிட்டேன். அம்மா படியில் கால் வைத்து ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் படத்தை நான் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பொய் சொல்லக் கூடாது, அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

அந்தப் பெருமையோடு மூன்று கட்டளை போட்டேன். ஒன்று, பழைய ஜீப்பை உடனே விற்றுவிட வேண்டும். இரண்டாவது, சாவியை மச்சான் ஒரு நிமிடமும் உடம்பை விட்டு அகற்றக் கூடாது. மூன்றாவது, கூட வந்த இரண்டாவது சாவியை எனக்கு அனுப்பிவிட வேண்டும்.

"அண்ணே, மத்தது வாடிக்குள்ள ஆணியில தொங்கட்டுமே" என்றாள் வசந்தி.

"ஆணியிலயா? என்ன கதை கதைக்கிறாய்! எவனாவது எடுத்துக்கொண்டு போய் மணலில புதைச்சுப்போட்டு நிப்பான். இது அப்பாட ஜீப் இல்ல."

நான் சொன்னதற்கு நியாயம் வைத்திருந்தேன். காப்புறுதிப் படிவத்தை நான்தான் இங்கிருந்து பார்த்து நிரப்பச் சொன்னேன். வண்டியை யார் யார் ஓட்டுவார்கள் என்று கேட்டு ஐந்து வரி விட்டிருந்தார்கள். ஒரு வரியில் மச்சானின் பெயரை எழுதச் சொல்லி மற்ற நான்கையும் குறுக்கே வெட்டச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் ஆள், ஒரு கையெழுத்து என்று இருந்தால் தொல்லையில்லை. இத்தனை வருடப் படிவங்கள் எனக்கு இதைத்தான் படிப்பித்திருந்தன.

ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவர் சாவியைக் கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொண்டுவந்து தந்தார். நான் அதைக் கழுவித் துடைத்து லாச்சியில் போட்டேன்.

ஜீப்பைப் புத்தளத்தில் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டதாக வசந்தி சொன்னாள். நல்லது என்றேன். அதன்பிறகு ஒருநாள் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓர் எஞ்சின் இருமுவது கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"ட்ரெக்டர் அண்ணே."

எஞ்சின் சத்தத்தில் சோறு தின்கிறவன் நான். ட்ரெக்டருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதா? இருந்தும் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், சண்டை பிடித்திருந்தால் உண்மையாகவே விற்றிருப்பார்கள். அன்று என் வாயை அடைத்தது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு கும்பிடு.

4

அன்று புதன்கிழமை. இங்கே பின்னேரம் மூன்றரை, அங்கே காலை பத்து. நான் ஒரு வெள்ளை வண்டியின் அடியில் படுத்துக்கிடந்தேன். வெளியே வந்து கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வசந்தியிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். ஐந்தாவதாக அவள் அடித்தபோது எடுத்தேன். வசந்தியின் குரல் மூச்சு வாங்கியது. "அண்ணே, பயப்பிடாதீங்க. அம்மாவ அம்புலன்ஸ்ல ஏத்திட்டம். நானும் உள்ளதான் இருக்கேன்." பயப்படாதே என்று தொடங்கும் செய்தியைப் பயப்படாமல் கேட்டவன் உலகத்தில் எவனும் இல்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அவள் முழுதாகச் சொன்னாள்.

வலை கடலில் இருந்திருக்கிறது. கரைவலையில் ஒரு கயிற்றின் நுனி கரையில் நிற்பவர்களின் கையில் இருக்கும். வள்ளம் வலையை விட்டுக்கொண்டே கடலில் அரைவட்டம் போய், மற்ற நுனியைக் கரைக்குக் கொண்டுவரும். மச்சான் வள்ளத்தில். அம்மா வாடிக்குள் பாண் துண்டைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு எடுக்க முடியவில்லை. வசந்தி அம்புலன்சுக்கு அடித்தாள். உடனே வருகிறோம், ஆனால் மணலில் இறங்க முடியாது, தார் முடியுமிடத்தில் நிற்கிறோம் என்றார்கள். அதில் பிழையில்லை, அந்த வண்டி மணலுக்கானதல்ல. அம்மாவை மூன்று கட்டை கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலை.

வாடிக்கு முன்னால், அப்பாவின் மேட்டில், நான் வாங்கிக் கொடுத்த கெப் பளபளவென்று நிற்கிறது. ஒரு சாவி நான் சொன்னபடி மச்சானின் இடுப்புச் சாரன் மடியில், கடலுக்குள். மற்றது நான் சொன்னபடி என் லாச்சியில்.

பக்கத்து வாடி ராணியக்கா உலக்கையை எடுத்துவந்து கண்ணாடியில் ஒன்று போட்டார். கண்ணாடி உடைந்தது, வண்டி கத்தத் தொடங்கியது. உள்ளே ஏறியும் பலனில்லை. சாவி பக்கத்தில் இல்லாமல் அந்த எஞ்சினுக்கு உயிர் வராது. வண்டி விளக்குகளை மின்னி மின்னிக் கத்திக்கொண்டே நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "யாரு புள்ள இப்படி அழுறது" என்று கேட்டாராம்.

வசந்தி வாடிக்குப் பின்னால் ஓடிப்போய்த் தென்னோலைக் கிடுகுகளையும் பழைய வலையையும் இழுத்து எறிந்தாள். அடியில், புத்தளத்தில் யாரோ வாங்கிக்கொண்டு போன ஜீப் நின்றது. என் போன் கண்ணுக்குப் படாமல் இருக்க மூடி வைத்திருந்தார்கள். ஆனால் அது இப்போது மேட்டில் இல்லை. தட்டை மணலில் நிற்கிறது. சுவிட்சைப் போட்டாள். பற்றரி செத்துக் கிடந்தது. பெண்கள் நான்கு பேர் தள்ளிப் பார்த்தார்கள், சில்லு ஒரு சாண் நகர்ந்து புதைந்தது.

அப்போது வசந்தி கரையைப் பார்த்துக் கத்தினாள்: "கயிறப் போட்டுட்டு வாங்க!"

வலை கடலில் கிடக்கும்போது கரைக்கயிற்றைக் கைவிடுவது என்பது எங்கள் ஆட்கள் கனவிலும் செய்யாத வேலை. அன்றைய மீன் போய்விடும், வலையும் கடலடிப் பாறைப் பாரில் சிக்கிக் கிழியலாம். பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை, போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். உதிரிக் கயிறு ஒன்றை ஜீப்பின் மூக்கில் கட்டி, வலை இழுக்கும் வரிசையில் அப்படியே நின்று இழுத்தார்கள். வலைக்குப் பாடுகிற அம்பாப் பாட்டையும் பாடினார்களாம். பாட்டில்லாமல் அந்தக் கைகளுக்கு ஒரே நேரத்தில் இழுக்க வராது. வசந்தி உள்ளே இருந்து கியரைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபது முழம் போனதும் ஜீப் இருமியது, இன்னும் பத்து முழத்தில் பிடித்துக்கொண்டது. அம்மாவைத் தூக்கிப் பின்னால் வலைக்குவியலில் கிடத்தி, ராணியக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயா ஓட்டினாய்?" என்று கேட்டேன்.

"வேற யாரு? கெப் வரும்வரைக்கும் மூணு வருசமா நாந்தானே பிள்ளைகள பஸ்ஸுக்குக் கொண்டு போனேன்."

"எனக்குச் சொல்லவேயில்லையே. பிறகு ஏன் புதுசை ஓட்டாமல் இருந்தாய்?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்கட இன்சூரன்ஸ் போம்ல என்ட பேரு இல்லையே அண்ணே."

மச்சான் கடலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கயிறு தளர்கிறது, கரையில் ஆட்கள் ஜீப்பை இழுக்கிறார்கள். என்னவென்று தெரியாமலே வள்ளத்திலிருந்து குதித்து நீந்திவந்தார். சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நீந்தினேன் என்றார். கரையேறியபோது ஜீப் போய்விட்டிருந்தது. கெப்புக்குள் ஏறி உட்கார்ந்து சாவியை அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறார். உப்புத் தண்ணீர் குடித்த சாவி வேலை செய்யவில்லை. அதை மணலில் எறிந்துவிட்டு மூன்று கட்டையும் ஓடினார்.

இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னாராம்.

5

அம்மா பிழைத்துக்கொண்டார். அது உறுதியானதும் எனக்கு முதலில் வந்தது நன்றியல்ல, கோபம். "விற்றுப்போட்டம் என்று என்னட்ட எத்தனை தரம் பொய் சொன்னீங்க?" என்று கத்தினேன். வெட்கம்தான், ஆனால் கத்தினேன்.

மச்சான் போனை வாங்கினார். "மச்சான், நீங்க அவ்வளவு ஆசையா அனுப்பினீங்க. வேணாம் எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரல்ல. அத விக்கவும் கை வரல்ல. உங்கட மனசு நோகக் கூடாதெண்டுதான் மூடி வச்சம்."

என்னை நோகாமல் வைத்திருப்பதற்காக ஒரு கரையே சேர்ந்து ஒரு ஜீப்பைக் கிடுகு போட்டு மூடியிருக்கிறது. இத்தனை நாளும் நான் அவர்களைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி தேத்தண்ணி வைத்தாள். ஆதவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன், ஒரு குற்றமும் மனதில் இல்லாமல் கேட்டான்: "அப்பா, மற்றச் சாவி எங்க?"

நான் எழுந்துபோய் லாச்சியை இழுத்தேன். மூவரும் பார்த்தோம். கரண்டிகளுக்கு நடுவில் அது சுத்தமாக, ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. அம்மா மூச்சுக்குத் தவித்த நேரம் முழுக்க இது இங்கே இப்படித்தான் கிடந்திருக்கிறது. மகனுக்கு முன்னால் நான் அழுததில்லை. அன்று அழுதேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் லாச்சியை மெல்ல மூடினான்.

6

மச்சானின் சாவி செத்துவிட்டது. புதிதாக ஒன்று செய்ய வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் சாவியைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம், பத்திரங்களும் வேண்டுமாம். ஆகவே உடைந்த கண்ணாடிக்குப் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு கெப் அந்த மேட்டிலேயே நிற்கிறது. அதன் நிழலில் கோழிகள் படுக்கின்றன, கூரையில் ராணியக்கா கருவாடு காயப்போடுகிறார். பழைய ஜீப்புக்குச் சிலாபத்தில் வெல்டிங் அடித்தாகிவிட்டது. கெப்புக்குப் பக்கத்தில் அதற்கு இன்னொரு மேடு கட்டினார்கள். காப்புறுதிப் படிவத்தைத் திருப்பி எடுத்துப் புதிதாக எழுதச் சொன்னேன். ஐந்து வரிக்கு ஏழு பெயர் அனுப்பினார்கள். முதல் பெயர் வசந்தி. இப்போதுதான் லைசன்சுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

நேற்று, கன்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, சாவியை அனுப்பத் தபால் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு சுங்கப் படிவத்தைத் தந்தார். உள்ளே என்ன? சாவி. அன்பளிப்பா, வியாபாரமா, ஆவணமா? அன்பளிப்புக்குக் கோடு போட்டேன். கடைசியாக ஒரு கேள்வி: பொருளை உரியவரிடம் சேர்க்க முடியாமல் போனால் என்ன செய்வது? பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள். அனுப்பியவரிடமே திருப்பிவிடவும். அல்லது, கைவிடப்பட்டதாகக் கருதவும்.

நான் இந்த நாட்டில் நூறு படிவமாவது நிரப்பியிருப்பேன். எங்கும் பேனா இப்படி நின்றதில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. "ஏதாவது ஒன்று போதும்" என்று அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஒன்றும் போட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாவியைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே முதலாளிக்கு அடித்து லீவு கேட்டேன். இவ்வளவு காலமும் கிடைக்காத லீவு இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. நான்தான் இதற்கு முன் கேட்டதேயில்லை.

பின்னேரம் வீடியோவில் விஷயத்தைச் சொன்னேன். வசந்தி வாய் பொத்திக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பி வாடியின் தூணைக் காட்டினாள். சாவி கொழுவ ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது.

அம்மா கதிரையில் இருந்தார். முகம் சுருங்கித்தான் போயிருக்கிறது. போனைத் தள்ளிப் பிடிக்காமல் பார்த்தேன்.

"மகன், சாவிக்கு அவசரமில்ல. அது பாட்டுக்கு நிக்குது. நீ ஆறுதலா வா" என்றார்.

ஆதவனும் வருகிறான். சாவி இல்லாத வண்டி ஒன்று உலகத்தில் ஓடுகிறது என்பதை அவனால் இன்னும் நம்ப முடியவில்லை. "எயார்போட்டுக்கு ஜீப் வருவாரா?" என்று கேட்டான்.

மச்சானுக்கு அதே கவலை வேறு விதமாக. "ஒரு வேன் பிடிக்கட்டுமா மச்சான்? ஜீப்புக்கு நேத்துத்தான் சுறா எண்ணெய் பூசினது. நாத்தம் தாங்காது. ஆதவன் தம்பிக்கு ஒத்துக்காது."

"வேன் வேண்டாம்" என்றேன்.

பதின்மூன்று வருடத்துக்கு முன், இந்த நாட்டுக்குக் கள்ளமாகப் படகேற எங்கள் மூவரையும் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போனது அந்த ஜீப்தான். மச்சான் ஓட்டினார், அம்மா பின்னால் இருந்தார். அது மணலில் திரும்பிப் போகிற சத்தம் தேயும்வரைக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றோம்.

எது நல்ல வண்டி என்று அட்டவணை போட்டவன் நான். இந்தத் தடவை தேர்வு என் கையில் இல்லை. புதுசின் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் போய்ச் சேரும்வரைக்கும் அது அசையாது. என்னைக் கூட்டிப்போகப் பழையதுதான் வருகிறது. அம்மா முன்சீற்றில் இருந்து வருவாராம், டொக்டரிடம் கேட்டுவிட்டாராம்.